சந்தா ஐம்பது ரூபாய்

எங்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற பகுதியில் வருமான வரி, பென்ஷன் பங்கு, குழுக் காப்பீடு எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு சின்ன வரி இருக்கும். சங்கச் சந்தா, ஐம்பது ரூபாய். பாகூரிலிருந்து வந்திருந்த என் சித்தி மகள் போன வாரம் அந்தச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஐம்பது ரூபாய்க்கு என்னக்கா கிடைக்குது?" என்று கேட்டாள். அவள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னொரு பக்கம் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு நைட் டூட்டி, குளித்துக் கிளம்புகிற அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன், அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வேறு சிலருக்கும் பயன்படலாம்.

எந்த மருத்துவமனை, எந்தச் சங்கம் என்று பெயர் எழுதப் போவதில்லை. புதுச்சேரியில் அரசுச் சம்பளம் தரும் பெரிய மருத்துவமனை, செவிலியர்கள் மட்டுமே சில நூறு பேர், வாசலில் நாலைந்து சங்கங்களின் போர்டு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் சங்கம் இல்லாத இடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2008-ல் படிப்பு முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். சம்பளம் 4,500 ரூபாய். சேர்ந்த அன்றே பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் வரைக்கும் ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். இரண்டு வருட பாண்டு, நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும். பன்னிரண்டு மணி நேர நைட், மாதத்தில் பாதி நாள் நைட்டுதான். அந்த வயதில் அதெல்லாம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நாள் ஐ.சி.யு.வில், ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுவோமே, அந்த புரோப் ஒன்று காணாமல் போனது. நோயாளியை ஸ்கேனுக்கு மாற்றும்போது பெட்ஷீட்டோடு சுருண்டு சலவைக்குப் போயிருக்க வேண்டும். அந்த ஷிப்டில் இருந்த மூன்று பேர் சம்பளத்திலும் ஆளுக்கு அறுநூறு ரூபாய் பிடித்தார்கள். நான் அன்று அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, "எனக்கும் சேத்துத்தாம்மா பிடிச்சிருக்காங்க" என்றார். அதற்கு மேல் போய்ச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆளே இல்லை. அறுநூறு ரூபாயைவிட அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

தனியார் நர்சுகளின் சம்பளம் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதன்படி மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதில் பத்து சதவீதம் குறையலாம், 50-க்கு மேல் என்றால் 25 சதவீதம் வரை குறையலாம், அதைவிடச் சின்ன இடமாக இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது. சித்தி மகளுக்கு இப்போது சொல்லியிருக்கும் சம்பளம் அந்தக் கடைசி எண்ணைக்கூடத் தொடவில்லை. கேரளாவில் தனியார் நர்சுகள் 2011-ல் சங்கம் கட்டி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போராடி, 2017-ல் அடிப்படைச் சம்பளம் 20,000 என்று ஒத்துக்கொள்ள வைத்தார்கள். எங்கள் வார்டில் இருக்கும் மலையாளி சிஸ்டர் அந்தக் கதையைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். அவருடைய தங்கை அந்தப் போராட்டத்தில் வெயிலில் உட்கார்ந்தவள். இங்கே தனியாரில் அப்படி உட்கார யாரும் இல்லாததால் குழு சொன்ன எண் பேப்பரிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் சங்கம் என்பது புதுச் சொல் இல்லை. தாத்தா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். ஜூலை 30 வந்தால் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். 1936-ல் அந்தத் தேதியில்தான் சவானா மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆனால் தாத்தா அடிக்கடி பேசியது அதைப் பற்றி இல்லை, தான் பதிலியாக இருந்த ஆறு வருடத்தைப் பற்றி. பதிலி என்றால் தினமும் விடியற்காலை மில் கேட்டில் போய் நிற்க வேண்டும், நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் இருந்தால் அவருக்குப் பதில் உள்ளே கூப்பிடுவார்கள், இல்லையென்றால் சாப்பாட்டுத் தூக்கோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சங்கம் சண்டை போட்டுத்தான் அவரை நிரந்தரமாக்கியது. "கேட்டுக்கு உள்ள இருந்தவன் கேட்டுக்கு வெளிய நின்னவனுக்காகப் பேசினான்" என்பார். அந்த மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள், அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. இந்தப் பதிலி கதையை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

2011-ல் எனக்கு அரசு வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளம் பழைய சம்பளத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல். இப்போது புதிதாகச் சேருகிற நர்சிங் ஆபிசருக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி அடிப்படை மட்டுமே 44,900 ரூபாய், அதற்கு மேல் பஞ்சப்படி, வாடகைப்படி, நர்சிங் அலவன்ஸ். அந்த அலவன்ஸ் 7,200 ஆக இருந்து, பஞ்சப்படி ஐம்பது சதவீதத்தைத் தொட்டதும் 2024-ல் 9,000 ஆனது. பிரசவ விடுப்பு 180 நாள். தனியாரில் என்னோடு இருந்த ஒருத்தியை ஏழாம் மாதத்தில் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க, நல்லபடியா இருக்கும்" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இங்கே குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று மொத்தப் பணிக்காலத்துக்கும் 730 நாள் உண்டு. என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது 45 நாள் அவன் பக்கத்திலேயே இருந்தேன். முழுச் சம்பளம் வந்தது. இது போதாதா என்று கேட்டால், வேலையில் சேரச் சொல்ல இது போதும். ஆனால் நான் சொல்ல வந்த நல்லது இது இல்லை. சம்பளமும் லீவும் அரசாணையில் இருக்கிறது, சந்தா கட்டாதவருக்கும் அதே சம்பளம்தான், அதே லீவுதான்.

நான் சொல்ல வந்தது ஒரு மெமோவைப் பற்றி. சேர்ந்து ஐந்து வருடம் இருக்கும். பொது மருத்துவ வார்டு, நைட். கட்டில் 40, நோயாளிகள் 57, மீதிப் பேர் பாயில். நர்சுகள் இரண்டு பேர். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனை என்றால் ஐந்து பேருக்கு ஒருவர். எங்களுக்கு அன்று ஆளுக்கு இருபத்தெட்டுக்கு மேல். ராத்திரி ஒன்றரை மணிக்குப் பாயில் இருந்த ஒரு பையனுக்கு வலிப்பு வந்து, நானும் டூட்டி டாக்டரும் அவனைத் திருப்பிப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். இன்னொரு சிஸ்டர் புது அட்மிஷனில். அந்த இருபது நிமிடத்தில் கோடியில் இருந்த ஒருவருக்கு டிரிப் முடிந்து டியூபில் ரத்தம் ஏறிவிட்டது. ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் அவர் மகன் ரத்தம் ஏறின டியூபை போனில் படம் எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அப்பாவின் டியூபில் ரத்தத்தைப் பார்த்தால் யாரும் பயப்படுவார்கள். மூன்றாம் நாள் எனக்கு மெமோ. உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

கை நடுங்கிக்கொண்டு சங்க ரூமுக்குப் போனேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதில் ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ. அப்போது செயலாளராக இருந்தவர் ஒரு மூத்த சிஸ்டர், நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மெமோவைப் படித்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. "சென்சஸ் ரெஜிஸ்டர் காப்பி எடுத்துட்டு வா" என்றார். வார்டில் எத்தனை நோயாளிகள் என்று எழுதி வைக்கும் பதிவேடு அது. அன்றைய இரவின் எண்ணிக்கை, பாயில் இருந்தவர்கள், அட்மிஷன் நேரம், வலிப்பு வந்த பையனின் கேஸ் ஷீட்டில் நான் எழுதிய நேரம், எல்லாவற்றையும் அடுக்கி, கவுன்சில் விதியையும் சேர்த்து ஒன்றரைப் பக்கத்தில் பதில் எழுதினார். வருத்தம், மன்னிப்பு என்று எதுவும் அதில் இல்லை. விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று என்னோடு வந்து, அதிகாரி மேஜைக்கு எதிரே எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பேசியது மொத்தமே நாலு வாக்கியம். மெமோ கைவிடப்பட்டது, அதைவிடப் பெரிய விஷயம், அடுத்த மாத ரோஸ்டரில் அந்த வார்டு நைட்டுக்கு மூன்றாவது ஆள் வந்தது. ஐம்பது ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்றால் எனக்கு அந்த நாற்காலிதான்.

சரி, இப்போது மறுபக்கம்.

அதே அக்கா, அதே நாற்காலி, இரண்டு வருடம் கழித்து. எங்கள் சக ஊழியர் ஒருவர், சங்கத்தில் சுறுசுறுப்பாக இருப்பவர், நைட்டில் இரண்டு மணிக்கு வார்டை விட்டுப் போய் விடியும்வரை பக்கத்து அறையில் தூங்கியிருக்கிறார். காலையில் ஹேண்டோவர் எடுக்க நான் போனபோது, ஒரு வயதானவர் குழப்பத்தில் தன் உடம்பில் செருகியிருந்த கேத்திட்டர் டியூபைப் பிடுங்கிவிட்டிருந்தார், ரத்தம் போய்க்கொண்டிருந்தது, அவர் மனைவி முந்தானையை மடித்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "நாலு மணிலேர்ந்தும்மா, கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் வரல" என்றார். மூன்றரை மணி நேரம். தூங்கப் போன அந்த ஊழியருக்கும் மெமோ வந்தது, அக்கா போனார், ரெஜிஸ்டர், எண்ணிக்கை, ஆள் பற்றாக்குறை, அதே பதில், ஒரே வாரத்தில் மெமோ வாபஸ்.

எனக்கு ஆறவில்லை. ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். "நம்ம ஆள் தப்பே பண்ணியிருந்தாலும் முதல்ல காப்பாத்தணும், அப்புறம்தான் திட்டணும். இல்லன்னா நாளைக்குத் தப்பு பண்ணாத உன்னையும் காப்பாத்த முடியாது" என்றார். இதைப் பற்றி நான் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன். முதல் பாதி சரி என்றே இன்றும் நினைக்கிறேன். விசாரணைக்கு முன்னாலேயே சங்கம் கையை விட்டால், மேலே இருப்பவர்கள் யார் யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களுக்கெல்லாம் மெமோ எழுதுவார்கள். ஆனால் அந்த "அப்புறம்" வரவே இல்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. அந்த அம்மாவிடம் போய் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாநாட்டில் அவர் மேடையில் இருந்தார். ஒரு சங்கம் தன் உறுப்பினரை வெளியே காப்பாற்றினால், உள்ளே கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை எங்கள் சங்கம் செய்ததை இந்தப் பதினாலு வருடத்தில் நான் பார்க்கவில்லை.

இடமாற்றம் இன்னொன்று. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. புதுச்சேரி என்றால் இந்தக் கடற்கரை ஊர் மட்டும் இல்லையே, காரைக்கால், மாஹே, யானம் எல்லாம் சேர்ந்ததுதான். காரைக்கால் பரவாயில்லை, பஸ்ஸில் போய்விடலாம். மாஹே கேரளக் கடற்கரை. யானம் கோதாவரிக் கரையில், காக்கிநாடா போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும், வார்டில் தெலுங்கு பேச வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கிற ஒருத்திக்கு யானம் ஆர்டர் வந்தால் அந்தக் குடும்பமே ஆடிப்போகும். அங்கே இருக்கும் மக்களுக்கும் நர்ஸ் வேண்டும், அதில் மாற்றுப் பேச்சில்லை. ஆனால் முறை வைத்து எல்லோரும் போக வேண்டும். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் வந்து நான் பார்த்ததில்லை, போட்டிச் சங்கத்துக்கு மாறினவர்களின் பெயர் இரண்டு முறை வந்ததைப் பார்த்திருக்கிறேன். சந்தா கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிவிட்டது என்பதுதான் எனக்கு வேதனை.

அப்புறம் கூட்டம் நடக்கும் நேரம். உறுப்பினர்களில் பெரும்பகுதி பெண்கள், பொதுக்குழு மாலை ஆறரைக்கு. பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டி வருகிற நேரம், ராத்திரிக்கு அடுப்பு பற்ற வைக்கிற நேரம். அந்த அக்கா ஒருவரைத் தவிர மற்ற பொறுப்பெல்லாம் ஆண்கள் கையில் இருப்பதற்கு இது ஒன்றே பாதிக் காரணம். மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் வையுங்கள் என்று மூன்று வருடம் கேட்டு, இப்போதுதான் இரண்டு கூட்டத்துக்கு ஒரு கூட்டம் அப்படி நடக்கிறது.

ஸ்டிரைக் பற்றிச் சித்தி மகள் கேட்டாள். அடிக்கடி ஸ்டிரைக் பண்ணுவீர்களா, அப்போது நோயாளிகள் கதி என்ன என்று. நியாயமான கேள்வி. அரசு ஊழியர்களுக்கு 1964-ம் வருட நடத்தை விதிகளிலேயே வேலைநிறுத்தத்துக்குத் தடை இருக்கிறது. பக்கத்தில் தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலானவர்கள் மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் திரும்ப உள்ளே போனார்கள். அதனால் நாங்கள் செய்வதெல்லாம் கருப்பு பேட்ஜ், கேட் மீட்டிங், மிஞ்சிப் போனால் காலையில் இரண்டு மணி நேரம் வெளிநோயாளிப் பிரிவுக்கு முன்னால் உட்காருவது. ஐ.சி.யு.வையும் பிரசவ வார்டையும் யாரும் விட்டு வந்தது கிடையாது. அந்த இரண்டு மணி நேரத்தில் வில்லியனூரிலிருந்தோ கடலூர் பக்கத்திலிருந்தோ முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடம்பு கூசும். அவர்களில் ஒருவர் கூட எங்களைத் திட்டாமல் போனால் அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கும்.

என்னோடு படித்த மஞ்சக்குப்பத்துத் தோழி இங்கிலாந்தில் இருக்கிறாள். 2022 டிசம்பரில் அங்கே நர்சுகள் சங்கம் 15-ம் தேதியும் 20-ம் தேதியும் வேலைநிறுத்தம் செய்தபோது அவளும் பனியில் வாசலில் நின்றாள். கீமோதெரபி, டயாலிசிஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு இதற்கெல்லாம் விலக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். உறுப்பினர்கள் தபாலில் ஓட்டுப் போட்டு, அந்தந்த மருத்துவமனையில் போதுமான பேர் ஓட்டுப் போட்டிருந்தால்தான் அங்கே ஸ்டிரைக். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இங்கே போராட்டத் தேதியே எங்களுக்கு நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரியும்.

இன்னொரு தோழி கடலூர் மாவட்டத்தில் தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள். 2015-ல் தமிழ்நாட்டில் அப்படி ஆயிரக்கணக்கான நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு எடுத்தார்கள், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள், மூன்றாம் நாள் உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. கொரோனா காலத்தில் எடுத்தவர்களுக்கோ 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. அவள் அப்போது என்னிடம் சொன்னது, "உனக்குக் கேக்க ஆளு இருக்கு. எங்களுக்கு நாங்கதான்."

இதைக் கேட்டுவிட்டு மறுநாள் டூட்டிக்குப் போனால் எங்கள் வார்டிலேயே அதேதான் கண்ணில் படுகிறது. துப்புரவு, ட்ராலி தள்ளுவது, கேட் செக்யூரிட்டி, இப்போது சில இடங்களில் நர்ஸ் வேலைகூட ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில். ஒரே வார்டு, ஒரே ரத்தம், ஒரே சளி. ஆனால் அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை.

தனம் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. அரியாங்குப்பம் பக்கம். ஆறு வருடமாக எங்கள் வார்டில் துப்புரவு. ஒரு நாள் காலை ஆறு மணி, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையின் வாயை முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஊசி எல்லாம் வெள்ளை டப்பாவில்தான் போட வேண்டும், குத்தினாலும் ஓட்டை விழாத டப்பா. யாரோ அவசரத்தில் மஞ்சள் பையில் போட்டிருக்கிறார்கள். அந்த யாரோ எங்களில் ஒருவர்தான், வேறு யார் ஊசி போடுகிறார்கள். கையுறையைத் தாண்டி இடது கட்டை விரலின் அடியில் இறங்கிவிட்டது. அவர் சத்தமே போடவில்லை. குழாயைத் திறந்து கையைக் காட்டினார், மறுபடி அதே கையுறையை மாட்டப் போனார். சிங்கில் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. "ஒண்ணும் இல்ல சிஸ்டர், முள்ளு குத்தின மாதிரிதான். சூப்பர்வைசருக்குச் சொல்லிடாதீங்க, வேற ஆள போட்டுடுவாரு."

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவரை இழுத்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்குப் போனேன். ஊசிக்காய விபத்துப் படிவத்தில் முதல் கட்டமே பணியாளர் எண். அவருக்கு அப்படி ஒரு எண் இல்லை. ஏஜென்சி சூப்பர்வைசருக்கு போன் போட்டால், அவங்க இன்னிக்கு டூட்டியிலேயே இல்லையே என்கிறார். வருகைப் பதிவேட்டில் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை, அதனால் ஆள் வரவில்லை என்று கணக்கு. டூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர், சின்னப் பையன், ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு சாதாரண ஓ.பி. சீட்டில் எழுதி மருந்தை வாங்கிக் கொடுத்தார். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு தனம் அக்கா, எங்க ஊர்ல போலியோ போட்டாங்க என்றார். 2016-ம் வருட மருத்துவக் கழிவு விதிகளில், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அந்த ஊசியும் டெட்டனஸும் போட வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு என்று தெளிவாக இருக்கிறது. ஆறு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

மதியம் சங்க ரூமுக்குப் போனேன். அக்கா முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்ம மெம்பர் இல்லையேம்மா அவங்க" என்றார். கல்மனசுக்காரர் இல்லை அவர், எனக்குத் தெரியும். அவர் மேஜை மேல் எங்கள் ஃபைல்களே பத்துப் பன்னிரண்டு கிடந்தன. ஆனால் எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்ட அதே கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. பதிலிக்கு அன்று எந்தச் சங்கம் மெம்பர்ஷிப் கேட்டது?

அடுத்த பொதுக்குழுவில் எழுந்து பேசினேன், பதினாலு வருடத்தில் அப்போதுதான் முதல் தடவை. அந்த வெள்ளை டப்பா, மஞ்சள் பை, சிங்கில் ஓடிய தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர், காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்தால் நம் கோரிக்கை நீர்த்துப்போகும் என்றார். இன்னொருவர், நாளைக்கு ரெகுலர் போஸ்ட்டையே ஒழித்துவிட்டு ஒப்பந்த நர்சைப் போட்டுவிடுவார்கள் என்றார். அதற்குத்தான் இப்போதே அவர்களோடு நிற்க வேண்டும், அவர்கள் மலிவாகக் கிடைக்கிறவரைக்கும் நம் இடத்தை நிரப்ப யாருக்கு மனசு வரும் என்று கேட்டேன். உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானம் தோற்றுவிட்டது. தடுப்பூசி கேட்டுச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் மனு கொடுக்கலாம் என்ற தீர்மானம் மட்டும் நிறைவேறியது. மனுவை அக்காதான் எழுதினார், விதி எண்ணோடு, ஒரே பக்கம். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது.

அதனால் சித்தி மகளே, தேர்வை எழுது. பாஸ் செய்தால் யோசிக்காமல் சேர். சேர்ந்த மாதமே சந்தா கட்டு, இல்லை, எந்தச் சங்கம் என்பதை ஆறு மாதம் வார்டில் இருந்து பார்த்து முடிவு செய்துவிட்டுக் கட்டினாலும் சரி. ஆனால் கட்டிவிட்டு வீட்டில் உட்காராதே. கூட்டத்துக்குப் போ, அந்த ஆறரை மணிக் கூட்டத்துக்கும்தான், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நான் பதினாலு வருடம் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்தது தப்பு.

தடுப்பூசி கதை இன்னும் முடியவில்லை. பட்டியலில் 61 பேர். முதல் டோஸ் எல்லோருக்கும் போட்டோம், ஒரு மாதம் கழித்து இரண்டாவது 58 பேருக்கு. மூன்றாவது ஆறாம் மாதத்தில். அதற்குள் ஒப்பந்தம் வேறு ஏஜென்சிக்குப் போய், பழைய ஆட்களில் 19 பேரை எடுக்கவில்லை, அதில் தனம் அக்காவும் ஒருவர். அவருடைய ரத்தப் பரிசோதனை மூன்றும் நல்லபடியாக வந்துவிட்டது, இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார். அந்த 19 பேருக்கும் அடையாள அட்டை இல்லாததால் செக்யூரிட்டி உள்ளே விட மாட்டார். 19 பேர் நம்பரும் என் டைரியில் இருக்கிறது, இதுவரை 14 பேரிடம் பேசிவிட்டேன். மற்ற ஐந்து நம்பரும் போகவில்லை, அவர்கள் வீட்டை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது டோஸுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அன்று கேட்டில் தானே வந்து நிற்பதாகச் சங்கத்து அக்கா சொல்லியிருக்கிறார்.